புகைக்குழாயிடம் கடன் வாங்கிய சூடு

பாம்பனில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் ஐஸ் கம்பெனிதான். விடிகாலையில் ஐஸ் பாளங்களைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கிரஷரில் போட்டு நொறுக்கி மீன் பெட்டிகளில் அள்ளிக் கொட்டுவார்கள். அந்தப் பக்கம் வெறுங்காலோடு போனால் விரல் மரத்துப்போகும். மற்றபடி எங்கள் கரையில் குளிருக்கு வேலை கிடையாது. மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது வயசாளிகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் குறுகி உட்கார்ந்து, “என்னா குளுரு, என்னா குளுரு” என்று புலம்புவார்கள். அன்றைக்கும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்காது. கூரை, மர நிழல், மோர், கடல் எல்லாமே இங்கே சூட்டிலிருந்து தப்பிப்பதற்காக. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவன், சின்ன விமானங்களுக்குள் மனிதர்கள் விறைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதைப் பிழைப்பாகக் கொண்டேன்.

அத்தா விசைப்படகு என்ஜின் மெக்கானிக். பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகளில் ஓடியதில் பாதிக்கு மேல் லேலண்ட் என்ஜின். லாரியில் ஓட வேண்டியதைக் கடலுக்குக் கொண்டுவந்து மாட்டினால் முதலில் சாவது எக்ஸாஸ்ட் பைப்தான். உள்ளே இருந்து நெருப்பு தின்னும், வெளியே இருந்து உப்பு தின்னும். எங்கள் ஊர் உப்புக்காற்று லேசுப்பட்டதில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்றுவதற்கென்றே ஆட்கள் வருஷம் முழுவதும் சுரண்டிக்கொண்டும் பெயின்ட் அடித்துக்கொண்டும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப் பூச்சும் போட வேண்டியிருந்தது என்றால் காரணம் அதே காற்று.

ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றிய எக்ஸாஸ்ட் குழாயை அத்தா அவிழ்த்துப் பார்க்கும்போது டார்ச் பிடிப்பது என் வேலை. அவர் ஓட்டையைத் தேட மாட்டார். கரியைத் தேடுவார். பிளேஞ்சு இணைப்பில், வெல்டிங் ஓரத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அதை விரலால் தொட்டு, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். “புகை எங்கே போகுதுன்னு பாருடா. மத்ததெல்லாம் அதுவே சொல்லும்.” மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்த என்ஜின் அறைக்குள் குனிந்தபடி கேட்ட அந்தப் பேச்சு, பூமியின் இன்னொரு முனையில் எனக்குச் சோறு போடும் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விமான ஆசை வந்தது உச்சிப்புளியால். அங்கே கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது, 2009இல்தான் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் வைத்தார்கள், ஆனால் 1980களிலேயே அங்கிருந்து கடற்படை பறந்துகொண்டிருந்தது. வடகடல் மேலே தாழ்வாக, ரெண்டு புரொப்பெல்லரோடு, மடங்காத சக்கரத்தைத் தொங்கவிட்டபடி பெட்டி மாதிரி ஒரு விமானம் போகும். ஐலாண்டர் என்று பெயர். 1965இல் இங்கிலாந்தில் முதலில் பறந்த ரகம். நம் கடற்படை 1976இல் வாங்கியது. அழகான விமானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அக்கரையில், இலங்கையில், சண்டை நடந்த வருஷங்களில், அந்த உறுமல் கேட்டால் வலை பின்னுகிறவர்களும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பையன் ‘ஏரோப்ளேன்’ என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த வார்த்தை கலாமாகத்தான் இருக்கும். ராக்கெட் அளவுக்கு எனக்கு மார்க் வரவில்லை. ஏ.எம்.இ. படிக்கலாம், விமானத்தைப் பழுது பார்க்கலாம் என்று ஒருவர் வழி சொன்னார். அத்தாவுக்கு அது உடனே புரிந்தது. “மெக்கானிக்குதானே? மேலே ஓடுற என்ஜினு” என்றார்.

சென்னையில் படித்து முடித்து, தெற்கே ஒரு பயிற்சிப் பறப்பு நிலையத்தில் சேர்ந்தேன். செஸ்னா 152, 172 விமானங்கள். இவற்றின் பேனலில் வலது கைப்பக்கம் கீழே, இழுக்கிற குமிழ் ஒன்று இருக்கும்: கேபின் ஹீட். எங்கள் ஊரில் அதை யாரும் இழுத்ததில்லை. சில விமானங்களில் இழுத்தாலும் வராது. கேபிள் இறுகிக் கிடக்கும்.

அந்தக் குமிழுக்குப் பின்னால் நடப்பது எளிய சங்கதி. சின்ன விமானத்துக்குத் தனி ஹீட்டர் கிடையாது. என்ஜினிலிருந்து வெளியேறும் புகை 700, 800 டிகிரிச் சூட்டில் மஃப்ளர் வழியாகப் போகிறது. அந்த மஃப்ளரைச் சுற்றி ஒரு தகட்டு உறை. முன்பக்கத்திலிருந்து வரும் வெளிக்காற்று உறைக்குள் புகுந்து, கொதிக்கும் மஃப்ளரை உரசிக்கொண்டு சூடாகி, ஆரஞ்சு நிற ஹோஸ் வழியாக ஃபயர்வாலுக்கு வருகிறது. அங்கே ஒரு வால்வு. குமிழை இழுத்தால் வால்வு திறந்து, சூடான காற்று விமானிகளின் கால்மாட்டில் வீசும். வீணாகப் போகிற சூட்டைப் பிடித்து உள்ளே விடுகிறார்கள், அவ்வளவுதான். எரிபொருள் செலவில்லை, மின்சாரம் வேண்டாம். ஆனால் மூச்சுவிடும் காற்றுக்கும் கொல்லும் புகைக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தகடு.

நூறு மணி நேரப் பரிசோதனை வரும்போதெல்லாம் அந்த உறையைக் கழற்ற வேண்டும். கிளாம்பு, திருகு, பாதுகாப்புக் கம்பி என்று நேரம் பிடிக்கும் வேலை, விரல் கிழியும். அங்கே மூத்த இன்ஜினியர் ஒருவர் இருந்தார், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சித்திரை மாதம், ஹேங்கர் தகரம் வெயிலில் படபடவென்று வெடிக்கிற நேரம், அவரிடம் கேட்டேன்.

“சார், இந்த ஊர்ல யாரு ஹீட்டர் போடப் போறா? இதைக் கழட்டித்தான் ஆகணுமா?”

“நீ போட மாட்டே. நானும் போட மாட்டேன். இந்த ஏரோப்ளேனை நாளைக்கு ஒருத்தன் வாங்கி பாட்டியாலாவுக்குக் கொண்டுபோவான். டிசம்பர்ல காலையில ஒரு பையன் முதல் தடவையா தனியா ஏறுவான். அவன் இந்தக் குமிழை இழுப்பான். லாக் புக்ல உன் கையெழுத்து இருக்கும்.”

கழற்றினேன். அதன் பிறகு கேட்டதில்லை.

அவரிடம் கற்றுக்கொண்ட இன்னொன்று: சூட்டைக் கடன் வாங்கும் தேவை எங்கள் வெக்கைக் கரையிலும் உண்டு, பயணிக்கு அல்ல, என்ஜினுக்கு. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய கழுத்தில் காற்று விரியும்போதும் உள்ளே வெப்பநிலை இருபது டிகிரிக்கு மேல்கூட விழும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், கார்புரேட்டர் தொண்டையில் பனி கட்டிக்கொள்ளும். என்ஜின் மூச்சு திணறும். ஈரத்துக்கு எங்கள் கடற்கரையை மிஞ்ச எது? அதனால் ‘கார்ப் ஹீட்’ என்று இன்னொரு குமிழ். அதற்கும் சூடு தருவது எக்ஸாஸ்ட் குழாயே. ஐஸ் கம்பெனியை விட்டால் ராமநாதபுரம் ஜில்லாவில் ஐஸ் உண்டாகக்கூடிய இன்னொரு இடம் விமான என்ஜின் என்று அத்தாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. படம் வரைந்து காட்டிய பிறகு, வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப மேலே போகப் போக?” என்று கேட்டார். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி குறையும் என்றேன். மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தவர், “பத்தாயிரம் அடியில மார்கழியைவிட மோசம்” என்றார்.

அவர் கணக்குக்கு எட்டாத குளிரைப் பார்க்க நான் கனடா போனேன். முதலில் டொரொண்டோ. ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தேன். மேலே குடியிருந்த பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர்; எண்பதுகளின் சண்டையில் படகேறி வந்து, மண்டபம் முகாமில் குடும்பத்தோடு இருந்தவர். நான் பாம்பன் என்றதும் அவர் முகம் மாறியது. எங்கள் ஊரைப் பற்றிய அவருடைய நினைவில் இருந்ததெல்லாம் வரிசையும், தண்ணீர்க் குடமும், புழுக்கமும். வடக்கே வேலை கிடைத்திருக்கிறது, யெல்லோநைஃப் என்று சொன்னபோது தன் அலமாரியிலிருந்து முழங்கால் வரை வரும் கோட் ஒன்றை எடுத்து வந்து என் மடியில் போட்டார். “தம்பி, உள்ளுக்கு மூண்டு உடுப்புப் போடும், மேலால இதைப் போடும். குளிருக்கு வெக்கப்படக் கூடாது கண்டீரோ. வெக்கப்பட்ட ஆக்கள்தான் விரலைக் குடுத்தவை.” மண்டபத்தில் யாரோ தனக்குப் பாயும் சட்டியும் கொடுத்ததை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

யெல்லோநைஃப் கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியின் தலைநகர். கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரை. ஏரி என்று சொன்னாலும் எதிர்க்கரை தெரியாது. கோடையில் விமானங்கள் மிதவைகளோடு அதன் தண்ணீரில் இறங்கும். குளிர்காலம் வந்தால் மிதவையைக் கழற்றிவிட்டுப் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டி அதே ஏரியின் உறைந்த முதுகில் இறங்கும். பக்கத்தில் இருக்கும் டெட்டா என்ற ஊருக்குக் குளிர்காலத்தில் ஏரி மேலேயே சாலை போட்டு, லாரி ஓட்டுவார்கள். கடல்மேல் பாலம் கட்ட நாங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்வேன். பனியில் துளை போட்டு, அடியில் வலை விட்டு, வெள்ளைமீன் எடுக்கிறவர்களையும் அங்கே பார்த்தேன். வலையைக் கையால் இழுக்கும் அந்தத் தோள் அசைவு தங்கச்சிமடத்து அசைவு. மீன் பெட்டிக்கு ஐஸ் வாங்க வேண்டிய செலவு மட்டும் அவர்களுக்கு இல்லை.

மைனஸ் 40 என்பது செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்றாகும் புள்ளி. பள்ளிக்கூடத்தில் படித்தது. தோலில் படும்போது அது கணக்கு இல்லை. மூக்கு மயிர் உறைந்து குத்தும். உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குளிரில் விமானத்தைக் கிளப்புவதே அரை நாள் வேலை. பிஸ்டன் என்ஜின் செய்கிறவர்கள் மைனஸ் 7, மைனஸ் 12 டிகிரியிலேயே முன்கூட்டிச் சூடாக்கச் சொல்கிறார்கள்; எங்களுக்கு அது வசந்தகாலம். என்ஜின் மேல் மெத்தைப் போர்வை, அடியில் மின்சாரச் சூடேற்றி. மின்சாரம் எட்டாத இடத்தில் ஹெர்மன் நெல்சன் என்ற பெரிய ஹீட்டரை இழுத்து வந்து, யானைத் தும்பிக்கை போன்ற குழாயை என்ஜினுக்குள் விடுவோம். பழைய காலத்து விமானிகள் இரவில் இறங்கியதும் என்ஜின் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வாளியில் வடித்து, குடிசைக்குள் கொண்டுபோய் அடுப்போரம் வைத்து, காலையில் திரும்ப ஊற்றுவார்களாம். 1947இல் முதலில் பறந்த பீவர் விமானத்தில் ஆயில் ஊற்றும் வாய் விமானி அறைக்குள்ளேயே இருக்கும். இதை வரைந்தவன் ஒரு குளிர்காலமாவது வெளியே நின்று ஆயில் ஊற்றியிருப்பான்.

காற்று நுழையும் முன்வாயில் பாதியைத் தகடு வைத்து அடைப்போம். கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கிவிடும். அதற்காக அந்தக் குழாயின் மேல்பக்கம் சின்னத் துளை ஒன்று விட்டு, மேலே உறை சுற்றுவோம். கதவு ரப்பர்கள் குளிரில் கட்டையாகி இடைவெளி விடும், அங்கே டேப். ஒரு விரல் நுழையும் சந்து வழியே வருகிற காற்று, ஹீட்டர் தருகிற அத்தனையையும் தின்றுவிடும். சூட்டை உண்டாக்குவது பாதி வேலை, ஒழுகாமல் வைத்திருப்பது மீதிப் பாதி.

அப்படியும் உள்ளே எல்லோருக்கும் ஒரே பருவம் இருக்காது. முன்சீட்டில் விமானிக்குக் கால் பொசுங்கும். பின்சீட்டில் பாட்டி பேரனைத் தூக்கப்பையில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். எல்லோர் மூச்சும் ஜன்னலின் உள்பக்கம் பூம்பனியாகப் படியும். விமானி பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிச் சுரண்டி வழி பார்ப்பார். பயணிகளோடு முட்டையும் உருளைக்கிழங்கும் கீரையும் போகும். சாலை இல்லாத ஊர்களுக்கு அவை விமானத்தில்தான் வர வேண்டும்; உறைந்தால் முட்டை விரிசல் விடும், கீரை கூழாகும். அதனால் முட்டைப் பெட்டிக்கு ஹீட்டர் பக்கத்தில் இடம், மனிதனுக்குக் கதவோரம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று: விமானத்துக்குள் இருக்கும் சூட்டுக்கு உடுத்தாதே, என்ஜின் நின்று பனிக்காட்டில் இறங்கினால் நடக்க வேண்டிய குளிருக்கு உடுத்து. ஸ்கார்பரோ பெரியவரின் கோட்டைக் கேபினுக்குள்ளும் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன்.

வாப் மே என்ற விமானியின் கதையை அங்கே சொல்லாதவர்கள் இல்லை. 1929 ஜனவரியில் ஆல்பர்ட்டாவின் வடக்கே ஒரு குடியிருப்பில் தொண்டை அடைப்பான் நோய் பரவியிருந்தது. எட்மண்டனிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு மேயும் விக் ஹார்னரும், மேலே கூரையே இல்லாத ஏவ்ரோ ஏவியன் விமானத்தில் கிளம்பினார்கள். தங்களுக்குச் சூடு இல்லை. மருந்து உறைந்துவிடக் கூடாதே என்று அதற்கு மட்டும் கம்பளி சுற்றிக் கரிக் கணப்பு வைத்தார்கள். வழியில் அது தீப்பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி பறந்து, மறுநாள் ஃபோர்ட் வெர்மிலியனில் மருந்தைச் சேர்த்தார்கள். விமானத்துக்குள் நெருப்பை வைத்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

பின்னால் வந்த இரட்டை என்ஜின் விமானங்களில் பலவற்றுக்கு நிஜமாகவே உள்ளே ஓர் அடுப்பு உண்டு. மூடிய எஃகுக் குழலுக்குள் விமானத்தின் பெட்ரோலையே எரித்து, குழலைச் சுற்றிப் போகும் காற்றைச் சூடாக்கும். ஜானிட்ரால் என்ற கம்பெனிப் பெயரே அதற்குப் பெயராகிவிட்டது. தரையில் இறங்கியதும் அதை அணைத்துவிட்டுச் சில நிமிஷம் விசிறியை ஓடவிட்டுக் குழலை ஆறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு மிஞ்சிப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடும். அடுத்த தடவை மேலே போன பிறகுதான் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று தெரியும். டர்பைன் என்ஜின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ட்வின் ஆட்டர் விமானத்தில், எரிபொருள் கலப்பதற்கு முன்பே, அமுக்கப்பட்டு அமுக்கத்தினாலேயே சூடேறிய காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி கேபினுக்கு விடுகிறார்கள். உச்சிப்புளிக்கு ஐலாண்டர்களோடு வந்து சேர்ந்த டோர்னியர் 228இலும் அதே ஏற்பாடுதான். புகையே தொடாத சூடு. அதற்கு விலை அதிகம்; அதனால் உலகத்தில் சின்ன விமானங்களில் பெரும்பாலானவை இன்னும் மஃப்ளரிடம் கடன் வாங்கியே ஓடுகின்றன.

அப்படிப்பட்ட செஸ்னா ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ஓட்டிய விமானி நடுவயதுக்காரர், சிரித்துப் பேசுபவர். ஒரு ஜனவரியில் அவர் சிரிப்பு குறைந்தது. இறங்கி வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். தூக்கம் போதவில்லை என்றார். மறுவாரம் காபி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். விமானத்துக்கு ஏதாவது புகார் உண்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஹீட்டர்கூட முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் மாற்றாமல் ஹீட்டர் முன்னைவிட நன்றாக ஆவதற்கு வழி ஏது? பேனலில் ஒட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அட்டையைப் பார்த்தேன். விஷ வாயு பட்டால் நடுப்பொட்டு கறுக்க வேண்டும். பிரித்துச் சில மாதங்களிலேயே அந்த அட்டை செத்துவிடும். இது எப்போது ஒட்டியதோ, ஓரம் மஞ்சள் பூத்திருந்தது. பொட்டு சாதுவாக அப்படியே இருந்தது. அன்று ராத்திரியே மஃப்ளர் உறையைக் கழற்றினேன். கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அடிப்பக்க வெல்டிங் ஓரமாகப் போனேன். டீசல் மாதிரி விமானப் பெட்ரோல் கறுப்பாகக் கரி விடாது. சாம்பல் வெளுப்பாகக் கோடு விடும். இருந்தது. விரலால் தொட்டேன். அதன் நடுவே, நகம் நுழையாத விரிசல், சுண்டுவிரல் நீளம். குழாய் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்தால் வாய் திறக்கும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. மேலே காற்றில் ஏற்கனவே ஆக்சிஜன் அழுத்தம் குறைவு; இரண்டும் சேர்ந்தால் சீக்கிரமே புத்தி மங்கும். முதலில் தலைவலி, பிறகு அசதி. தனக்கு என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டிய புத்தியைத்தான் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது: ஹீட்டரை மூடு, வெளிக்காற்றுத் துளைகளைத் திற, ஜன்னல் திறக்குமென்றால் திற, பக்கத்து ஓடுதளத்தில் இறங்கு. ஆனால் வெளியே மைனஸ் 30 இருக்கும்போது, கதகதப்பாக உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு ஹீட்டரை மூடச் சொல்லுமா அவனுடைய மங்கிய புத்தி?

அந்த விமானி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினார். மஃப்ளர் மாறியது. அட்டைக்குப் பதிலாக, எண் காட்டி அலறுகிற மின்னணுக் கருவி வந்தது. விமானக் கேபினில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் அந்த வாயு இருக்கக் கூடாது என்பது சான்றிதழ் விதி. எண்ணைக் காட்டும் கருவி இருந்தால்தானே அந்த விதிக்கு உயிர்?

உலகம் இதைப் பேச ஒரு கால்பந்து வீரரின் சாவு வேண்டியிருந்தது. 2019 ஜனவரி 21 இரவு, அர்ஜென்டினாவின் எமிலியானோ சாலா, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃபுக்கு ஒற்றை என்ஜின் பைப்பர் மலிபுவில் கிளம்பினார். குவர்ன்சி தீவுக்கு அருகே ஆங்கிலக் கால்வாயில் விமானம் விழுந்தது. அவருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. எக்ஸாஸ்ட்டிலிருந்து ஹீட்டர் வழியாக வாயு கேபினுக்குள் வந்திருக்க வேண்டும், விமானியும் பாதிக்கப்பட்டிருப்பார் என்று பிரிட்டன் புலனாய்வாளர்கள் 2020இல் முடிவு சொன்னார்கள். பயணிகளை ஏற்றும் குறிப்பிட்ட பிஸ்டன் விமானங்களில் அலறும் கருவி கட்டாயம் என்று அந்த நாடு போட்ட விதி 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அந்தக் கருவி ஒன்றும் விமானத்தின் விலை இல்லை. ஒரு நல்ல செல்போன் விலைக்குள் கிடைக்கும்.

கருவி வந்த பிறகும் நான் கண்ணையும் கையையும் விடவில்லை. இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைச் சொல்வேன். எக்ஸாஸ்ட் குழாயில் பென்சிலால் குறி போடாதே; பென்சில் கரி சூட்டில் உலோகத்துக்குள் இறங்கி, கோடு போட்ட இடத்திலேயே விரிசல் விடும். விரிசலைக் குறிக்க வந்தவன் விரிசலை உண்டாக்கிவிட்டுப் போவான். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாததைச் சோப்பு நுரைக்குக் காட்டு: வேக்வம் கிளீனரின் ஊதும் முனையை வால்குழாயில் மாட்டிக் காற்றை ஏற்றி, வெல்டிங்கிலும் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை குமிழி விடும். எங்கள் ஊர் சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கும் அதே வேலை. எத்தனை விதியும் படிவமும் வந்தாலும், கடைசியில் ஒருத்தன் குனிந்து பார்த்தானா என்பதில்தான் கேபினுக்குள் இருக்கிறவர்களின் உயிர் இருக்கிறது. அவனை அவர்கள் பார்க்கப்போவதில்லை. குமிழை இழுத்ததும் கால் சூடானால் விமானம் நல்ல விமானம் என்பார்கள்.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். அத்தாவுக்கு என் தொழிலைக் கடைசிவரை விளக்க வேண்டியிருந்ததில்லை, நான் கண்ட விரிசலைப் பற்றிச் சொன்னபோது, “வெல்டு ஓரமாத்தானே?” என்று மட்டும் கேட்டார். இப்போது படகுகளில் பெரிய என்ஜின்கள், மூடிய கேபின்கள். சக்கர அறையில் ஆள் படுத்துத் தூங்க, அடியில் என்ஜின் ஓடுகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. அவர்களைக் கொன்றதும் நான் செஸ்னாவில் தேடிய அதே வாயு. ராமேசுவரத்துக்கு விமான நிலையம் வரும் என்று 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்ததிலிருந்து, ஏ.எம்.இ. படிக்கட்டுமா என்று பையன்கள் என்னைக் கேட்டு வருகிறார்கள். படிக்கச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மாதம் கரையில் ஏறிய படகுகளின் என்ஜின் அறைக்குள் குனிந்து வேலை செய்யச் சொல்கிறேன். வருகிற சூட்டை மட்டும் பார்க்காமல், போகிற புகையின் வழியைக் கேட்கிற குணம் ஒருத்தனுக்கு அங்கே வந்துவிட்டால், மிச்சத்தைக் கல்லூரி சொல்லிக்கொடுத்துவிடும். அந்தக் குணம் வராதவனிடம் நான் ஏறும் விமானத்தைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.